பலவேசத்தின் கால்களுக்கு நாற்பத்தோரு வீடு

செம்மடை ஊரின் நீர்ப்பாய்ச்சி பலவேசம், குளத்து மடையின் மேற்படியில் வழுக்கி, தண்ணீர் இல்லாத பக்கமாகப் பார்த்துக் கல்லில் முதுகு அடிபட விழுந்து, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து, இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாத மனுஷனாக ஆம்புலன்சில் வீடு திரும்பிய அன்று, அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த இசக்கி, "ஆ, கட்டெறும்பு!" என்று இடது காலை உதறி எழுந்து, சேலையை உதறி, மெஷினுக்கு அடியில் தேடி, எறும்பைக் காணாமல், ஏன் எதற்கு என்று தனக்கே தெரியாமல் கால் இழுத்த திசைக்கு நடந்து, பலவேசத்தின் கட்டிலுக்குப் போய், அவருடைய இடது சுண்டுவிரலைக் கடித்துக்கொண்டிருந்த எறும்பைப் பிடித்து வெளியே போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் பாசன சங்கத் தலைவர் அரியநாயகம், டீக்கடையில் சட்டை கசங்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், குதிகால் சுடுகிறது என்று துள்ளி எழுந்தார். போய்ப் பார்த்தால் பலவேசத்தின் குதிகால் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் கிடந்தது. அதற்கு மறுநாள் ஒரு கல்யாணப் பெண், தாலி ஏறுகிற நேரத்தில், உள்ளங்கால் கூசி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்நேரம் பலவேசத்தின் பெண்டாட்டி முப்பிடாதி வீட்டில் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள், விஷயத்தைச் சொன்னதும் சரி என்று சாப்பிடப் போனார்கள்.

அந்த வாரமே பாசன சங்கம் கூடியது. குளத்தில் அமலைச்செடி அகற்றுவது பற்றி ஒரு மணி நேரமும், பலவேசத்தின் கால்களைப் பற்றி இரண்டு மணி நேரமும் பேசினார்கள். ஏன் இப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மலையிலிருந்து தண்ணீர் ஏன் வருகிறது என்று அவர்கள் என்றைக்குக் கேட்டார்கள், வந்த தண்ணீர் இன்றைக்கு யாருக்கு என்றுதான் அந்த ஊருக்குக் கேட்கத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதிலாக வரப்பு வரப்பாக நடந்தவை பலவேசத்தின் கால்கள்தாம். வயலுக்குள் இறங்கி நிற்பார், தண்ணீர் கணுக்கால் முட்டியைத் தொட்டதும் "போதும்" என்று வாய்மடையை அடைத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போவார். அளவுகோல் கிடையாது, கயிறு கிடையாது. அந்த இடது கணுக்காலின் உள்முட்டிதான் ஊருக்கே அளவு. அதைப் பற்றி ஒரு நாளும் ஒருவரும் தகராறு செய்ததில்லை.

"நம்ம எல்லாரு வயல்லயும் நடந்த காலு," என்றார் அரியநாயகம். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல் அவருக்கு. "ஆளுக்கொரு நேரத்துல அதுபாட்டுக்கு வந்துட்டுப் போனா நல்லாவா இருக்கு? தண்ணிக்கு முறை வச்சிருக்கோம்லா, இதுக்கும் வச்சிருவோம். விடிஞ்சதுல இருந்து மறுநாள் விடியற வரைக்கும் ஒரு வீடு. முதல்ல அறிஞ்சவ இசக்கி, அவளே முதல் முறை."

தண்ணீர்முறை எழுதும் நோட்டில், வயல் உள்ள நாற்பது வீட்டின் பேரையும், இசக்கி வீட்டிலிருந்து தொடங்கி, அதே வரிசையில் எழுதினார்கள். மறுநாள் விடிந்ததும் பலவேசத்தின் கால்களும் அந்த நோட்டுக்குக் கட்டுப்பட்டன. இசக்கிக்கு ஒரு நாள் முழுவதும் கொசு கடித்தது, கட்டில் கயிறு உறுத்தியது, போர்வை விலகிக் குளிர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் அடுத்த வீட்டுக்குப் போனது. யாரும் இதைச் சுமை என்று சொல்லவில்லை. "இன்னைக்கு எங்க முறையாக்கும்" என்று சொல்லிக்கொண்டு தெருவில் நடப்பதில் ஒரு தோரணை வந்திருந்தது, அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரியின் முதுகுத்தண்டு ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ஜெபக்கனிக்கு இதெல்லாம் தெரிய வந்தது ஒன்றரை மாதம் கழித்துத்தான். அவள் ஆராய்ச்சி நர்ஸ். ஒரு ஊக்கு, கொஞ்சம் பஞ்சு, ஒரு படிவம், இவைதான் அவளுடைய ஆயுதங்கள். நோயாளியின் கண்ணைத் துண்டால் மூடி, உடம்பின் இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பத்தாறு இடத்தில் ஊக்கால் குத்திப் பார்ப்பாள், பஞ்சால் தொட்டுப் பார்ப்பாள். சரியாகத் தெரிந்தால் இரண்டு, மங்கலாகவோ வேறு மாதிரியோ தெரிந்தால் ஒன்று, தெரியவே இல்லையென்றால் சைபர். பன்னிரண்டு வருஷமாக, தண்டுவடம் முழுதாக அடிபட்டவர்களின் படிவத்தில் இடுப்புக்குக் கீழே அவள் சைபர்களைத்தான் எழுதிவந்தாள். படிக்க வந்த பிள்ளைகள் அவளுக்கு முட்டை சிஸ்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒரு முட்டைகூடப் பொய்முட்டை இல்லை என்பதில் அவளுக்குக் கர்வம்தான். ஆனால் கை கழுவும்போது சில நாள் குழாயை மூடாமல் நின்றுவிடுவாள். அந்த முட்டைகளில் ஏதாவது ஒரு முட்டை, பொய் கலக்காமல், 'ஒன்று' என்ற எண்ணாக மாற வேண்டும். அதைத் தன் கையால் எழுத வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அதுதான்.

டாக்டர் ஷம்ஷாத் அந்த வருஷம் ஒரு புது ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். முதுகில் பட்டைகளை ஒட்டி, தண்டுவடத்துக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து, ஆளைக் கச்சையில் தொங்கவிட்டு, கால்களை இரண்டு பேர் பிடித்து நடத்துவார்கள். வாரம் மூன்று நாள், ஒரு வருஷம். முப்பது பேரைச் சேர்த்ததில் பலவேசம் பத்தொன்பதாவது ஆள். வருஷ முடிவில் துளியாவது மாற்றம் தெரிந்தவருக்குச் சிகிச்சை தொடரும். தெரியாதவருடைய இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

படுக்கைப்புண் பார்க்க ஜெபக்கனி செம்மடைக்குப் போனாள். உணர்ச்சி போன உடம்பை முதலில் தின்பது அந்தப் புண்தான்; எத்தனையோ பேரை அது கொண்டுபோனதைப் பார்த்தவள் அவள். பலவேசத்தைப் புரட்டிப் பார்த்தால் தோல் குழந்தைத் தோலாக இருந்தது.

"யாரும்மா இப்படிப் பாத்துக்கிடுதது?"

"ஊருதான் சிஸ்டர்," என்றாள் முப்பிடாதி. "அவுகளுக்கு வலிக்க வேண்டியது அவுங்கவுங்களுக்கு வலிக்கு. ஓடியாந்து திருப்பிப் போட்டுட்டுப் போறாங்க. இன்னைக்கு அரியநாயகம் அண்ணாச்சி முறை. நீங்க புரட்டினது அவருக்குத் தெரிஞ்சிருக்கும், இந்தா வந்துருவாரு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, அரியநாயகம் வாசலில் நின்றார். "மெதுவாப் புரட்டுங்க சிஸ்டர், இடுப்பு விண்ணுன்னு இழுக்கு."

ஜெபக்கனி படிவத்தின் குறிப்புப் பகுதியில், 'இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி: நோயாளிக்கு இல்லை, ஊருக்கு உண்டு' என்று எழுதிக்கொண்டு போனாள். டாக்டர் ஷம்ஷாத் அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். "பாத்த நேரம் எழுதலையே ஜெபா. அதையும் போடுங்க," என்றார்.

ஆராய்ச்சி நெறிமுறைக் குழு மூன்று முறை கூடியது. அங்கேயும் யாரும் இது நடக்குமா என்று கேட்கவில்லை. நாற்பது பேருக்கு அவர் உணர்ச்சி போய்ச் சேர்கிறதென்றால் அந்த நாற்பது பேரும் ஆராய்ச்சிக்கு உட்பட்டவர்கள், கையெழுத்து வாங்காமல் எப்படி விட்டீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆகவே ஜெபக்கனி பதினோரு பக்கத்தில் ஒப்புதல் படிவம் எடுத்துக்கொண்டு போய், செம்மடைச் சமுதாயக் கூடத்தில் வரி வரியாக வாசித்தாள். முறைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனித் தாள் உண்டு, அளவெடுக்கும் நாளில் அவருக்கு எந்தெந்த இடம் தெரிகிறது என்பதும் பதிவாகும் என்று விளக்கினாள். 'காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரி வந்ததும் இசக்கி எழுந்துவிட்டாள்.

"அந்த வரிய அடிச்சிருங்க சிஸ்டர். எங்க ஊருக்கு அது அசிங்கம்."

"அடிக்க முடியாதும்மா. அது சட்டம்."

"சட்டம்னா இருந்துட்டுப் போட்டும். நாங்க அதப் படிக்கலன்னு வச்சுக்கிடுங்க."

கையெழுத்துப் போட்டார்கள். கையில் கொடுத்த நகலை லேமினேட் செய்து, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். மருத்துவ ஆராய்ச்சியில் தங்கள் பேர் இருக்கிறது என்பது சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவும்படி பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஊரில் பெண் கேட்கப் போனவர்கள்கூட அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாதங்கள் போயின. பலவேசம் கச்சையில் தொங்கி, மற்றவர்கள் நடத்த நடந்தார். மாதாமாதம் ஜெபக்கனி அளவெடுத்தாள். பலவேசத்தின் தாளில் இடுப்புக்குக் கீழே இருபது இடத்திலும் சைபர். முறைக்காரரின் தாளில் இருபது இடத்திலும் இரண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊர் ஜெயித்துக்கொண்டே இருந்தது, பலவேசம் தோற்றுக்கொண்டே இருந்தார்.

ஆறாம் மாத அளவுக்கு, அன்றைய வீட்டுக்காரரோடு நோட்டில் முறை மாற்றிக்கொண்டு, இசக்கி முறைக்காரியாக வந்து, நடையில், கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முப்பிடாதி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். பலவேசத்தின் கண்ணை மூடிவிட்டு ஜெபக்கனி வலது தொடையில் ஊக்கை வைத்தாள்.

"குத்துது," என்றார் பலவேசம்.

ஜெபக்கனி இரண்டு என்று எழுதினாள். முழங்காலில் பஞ்சை வைத்தாள். "பஞ்சு." பாதத்தில் ஊக்கு. "குத்துது." இரண்டு, இரண்டு, இரண்டு என்று எழுதிக்கொண்டே போனாள், எழுத்து கோணிக்கொண்டு போனது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு கட்டம் தெரியவில்லை. வலது பக்கம் பத்து இடமும் முடிந்து இடது பக்கத்துக்கு வந்தபோது முப்பிடாதிக்குத் தும்மல் வந்தது. புருஷன் கையை விட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜெபக்கனி குத்தினாள். பலவேசம் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "என்ன சிஸ்டர், குத்திட்டியளா?" என்று கேட்டார்.

ஜெபக்கனி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசக்கி ஒற்றை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பார்க்கவில்லையா என்பதுபோல் அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் என்றால் ஊக்கு, இரண்டு விரல் என்றால் பஞ்சு. இசக்கி விரலைக் காட்ட, முப்பிடாதி அத்தனை தடவை புருஷன் கையை அமுக்க, அவர் வாயால் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் ஊரே ஒத்திகை பார்த்திருக்கிறது.

"இதுல பொய் எங்க இருக்கு?" என்று உள்ளே வந்து இசக்கி சண்டைக்கு நின்றாள். "நீங்க குத்தினது எனக்கு வலிச்சுது. வலிச்ச எடத்தத்தான சொன்னேன். ஒரு எடம் தப்பா இருந்துதா, சொல்லுங்க."

"பாஸ் மார்க்கு வரலன்னா மெஷின எடுத்துருவாங்கன்னு சொன்னியல்லா," என்றாள் முப்பிடாதி. அவள் சண்டை போடவில்லை. அழுதுவிட்டாள்.

ஜெபக்கனி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆராய்ச்சித் தாளில் எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது. பத்து இரண்டுகளின் மேலும் தனித்தனியாக ஒற்றைக் கோடு இழுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, மறுபடி குத்திப் பார்த்து, பத்து சைபர் எழுதினாள். இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். "ஊருக்குத் தெரியுதது எனக்குச் சந்தோஷம்தான்மா," என்றாள் கடைசியில். "ஆனா இந்தத் தாளு அவரு தாளு. அவருக்குத் தெரிஞ்சாத்தான் இதுல எழுதுவேன்."

நடந்ததை டாக்டரிடம் சொன்னாள். கோப்பில் வைக்க முறை நோட்டின் நகலும் வேண்டும் என்று அவர் சொல்ல, அந்த வாரமே செம்மடைக்குப் போனாள். அரியநாயகம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நாற்பது பேரையும் மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள்.

"அண்ணாச்சி, பலவேசம் வீடு எங்க?"

"அந்தா, நாலாவது வீடு."

"நோட்டுல கேக்கேன்."

அரியநாயகம் சிரித்தார். "அவனுக்கு ஏது முறை? வயல் உள்ளவனுக்குத்தான் முறை. நீர்ப்பாய்ச்சிக்கு வயலும் கிடையாது, முறையும் கிடையாது. எங்க ஐயா காலத்துல இருந்து அப்படித்தான…"

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். நோட்டை வாங்கினார். நாற்பது பேரையும் விரல் வைத்து எண்ணினார். வேண்டுமென்று யாரும் விடவில்லை. தண்ணீர்முறை நோட்டில் எழுதிப் பழகிய கை, அந்தப் பேர் வராத பழக்கத்தில் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. ஊரெல்லாம் பலவேசத்தின் கால்களைப் பங்கு வைத்துக்கொண்டபோது, பலவேசத்துக்கு ஒரு பங்கு வைக்க மறந்துவிட்டார்கள். அரியநாயகம் நாக்கைக் கடித்துக்கொண்டார். மைக் குரல் இறங்கிப்போய், "நாங்க பாத்துக்கிடுதோம்ங்கிற நெனப்புலயே இருந்துட்டோம் சிஸ்டர்," என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நாற்பத்தோராவதாகப் பலவேசம் பேரை எழுதினார்.

அந்த முறை பத்தே நாளில் வந்தது. அன்றைக்கு விடிந்ததும் செம்மடையில் நாற்பது வீட்டுக்காரர்களும் தங்கள் சொந்தக் கால்களோடு மட்டும் எழுந்தார்கள். வழக்கத்தைவிட லேசாக இருப்பதாகச் சிலர் சொன்னார்கள், அதில் ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. பலவேசம் எப்போதும்போல் கட்டிலில் சாய்ந்து, டீ தூக்குவாளியைத் தொடை நடுவில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். படித்து முடித்து வாளியை எடுத்தபோது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. அவருக்கும் தெரியவில்லை, வேறு யாருக்கும் தெரியவில்லை.

போன் வந்ததும் ஜெபக்கனி ஓடினாள். முற்றம் நிறைய ஆட்கள். புண்ணைச் சுத்தம் செய்து மருந்து வைத்தாள். பலவேசம் வீடு திரும்பிய எட்டு மாதத்தில் அவர் தோலில் வந்த முதல் புண் அது, அதற்குக் காரணம் அவள்தான்.

"எங்க முறையில இப்படி நடந்திருக்குமா?" என்றாள் இசக்கி. "இருந்தத கெடுத்தாச்சு. அண்ணாச்சி, நோட்ட எடுங்க. சிஸ்டர் சொல்லிக்குடுத்த மாதிரியே ஒத்தக் கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு அடிங்க அந்தப் பேர."

அரியநாயகம் நோட்டை எடுத்துவிட்டார். பேனா மூடியையும் திறந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பேனாவ மூடுங்க," என்றார் பலவேசம். மடையில் நின்று எட்டு வயலுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுப் பழகிய குரல், விழுந்த நாளிலிருந்து வீட்டுக்குள் அது வந்ததே இல்லை. "இருபத்தாறு வருசம் உங்களுக்குத் தண்ணி விட்டிருக்கேன். கடைசி வயலுக்குத் தண்ணி ஏறலன்னு ஒரு வருசமாவது அந்த வயல்காரன் பேர அடிச்சமா? வாய்க்கால வெட்டினோம், தூரு வாருனோம், மடையத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னோம். ஆஸ்பத்திரியில என் வாய்க்கால வெட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. தண்ணி வரும்போது என் வயலுக்கு முறை இருக்கணும். இல்லன்னா அது எங்க போயி நிக்கும்? பேரு கெடக்கட்டும்."

முப்பிடாதி புருஷனைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், அரியநாயகத்தின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி, அவர் பையிலேயே செருகினாள்.

அடுத்த முறை நாற்பத்தோரு நாள் கழித்து வந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் யாரும் சூடாக எதையும் கொண்டுபோகவில்லை. உணர முடியாததைக் கண்ணால் பார்ப்போம் என்று அரைமணிக்கு ஒருவராக வந்து, முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, பலவேசத்தின் முதுகிலிருந்து பாதம்வரை பார்த்துவிட்டுப் போனார்கள். கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்து எறும்புக்கும் வழியை அடைத்தார்கள். புண் இல்லை. உணர்ச்சியும் இல்லை. சாயங்காலம் பலவேசம், "ஒண்ணும் வரல," என்று சொன்னபோது, "அடுத்த முறை இருக்குல்லா," என்று இசக்கிதான் பதில் சொன்னாள்.

பன்னிரண்டாம் மாதத்துக் கடைசி அளவை, குறித்த தேதிக்கு முன்னே ஏழு நாள், பின்னே ஏழு நாள் தள்ளிக்கொள்ளலாம் என்று ஆராய்ச்சி விதி உண்டு. ஜெபக்கனி முறை நோட்டின் நகலை வைத்துக்கொண்டு எண்ணினாள். பலவேசத்தின் முறை தேதிக்கு நாலு நாள் பின்னே வந்தது. விதி மீறாமல் அந்த நாளையே எழுதிவிட்டு, டாக்டர் ஷம்ஷாத்தின் கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் காரணம் கேட்கவில்லை.

அன்று செம்மடையிலிருந்து இரண்டு வேனும் ஒரு மினி பஸ்ஸும் வந்தன. யார் அட்மிட் ஆகியிருக்கிறார்கள் என்று வாசலில் காவலாளி கேட்டதற்கு, "யாருமில்ல, எங்களுக்குப் பரீட்சை," என்றார் அரியநாயகம். நாற்பது வீட்டுக்கு நாற்பது பேர், சலவைச் சட்டையும் பட்டுச் சேலையுமாக, நடை நீளத்துக்கு வரிசையாக நின்றார்கள். முப்பிடாதி அறைக்குள் வரவில்லை. "நான் பக்கத்துல நின்னா கையப் பிடிச்சிருவேன்," என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி ஜன்னலுக்குத் திரையை இழுத்துவிட்டார்கள்.

டாக்டர் சுவரோரம் நின்றார். பலவேசத்தின் கண்மேல் துண்டு. ஜெபக்கனி வலது பக்கம் தொடங்கினாள். குத்தினாள், காத்திருந்தாள், சைபர் எழுதினாள். பஞ்சு வைத்தாள், காத்திருந்தாள், சைபர். வலது பக்கம் பத்து இடமும் அப்படியே போனது. வெளியே நாற்பது பேர் நிற்கிற இடத்திலிருந்து ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. இடது தொடை, சைபர். இடது முழங்கால், சைபர். இடது கணுக்காலின் உள்முட்டிக்கு வந்தாள், ஊக்கை வைத்தாள், விதிப்படி காத்திருந்தாள், அதற்குமேல் ஒரு மூச்சு தன் கணக்கில் காத்திருந்தாள், அப்புறம் முட்டையின் வளைவைத் தொடங்கப் பேனாவைத் தாளில் வைத்தாள்.

"யாரு மடையத் தொறந்தது?" என்றார் பலவேசம்.

ஜெபக்கனி பேனாவை எடுத்துவிட்டாள். "என்ன தெரியுது அண்ணாச்சி?"

"தண்ணி."

"எங்க?"

"இடது காலு. உள்முட்டியில. சில்லுன்னு வந்து நிக்கி." கண்மேல் துண்டோடு கால் பக்கமாகத் தலையைத் தூக்கினார். "சரியா முட்டிக்கு வந்துட்டு சிஸ்டர். போதும். அடைச்சிரலாம்."

ஒரு தடவை சொன்னதை அப்படியே எழுதுகிறவள் இல்லை ஜெபக்கனி. சும்மா ஊக்கைக் காற்றில் பிடித்துக்கொண்டு, "இப்ப?" என்று கேட்டாள். "இல்ல," என்றார். குத்தினாள். "வந்துட்டு." பக்கத்தில் இரண்டு விரல் தள்ளிக் குத்தினாள். "இல்ல." மறுபடி முட்டியில். "வந்துட்டு." பத்துத் தடவை கேட்டதில் ஒன்பது தடவை சரியாகச் சொன்னார். டாக்டர் ஷம்ஷாத் வந்து ஊக்கை வாங்கி, தானும் பத்துத் தடவை பார்த்தார். அவருக்கும் ஒன்பது. டாக்டர் திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

குத்தென்று தெரியவில்லை, தண்ணீரென்று தெரிந்தது. ஆகவே இரண்டு இல்லை. ஜெபக்கனி அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். நேர்க்கோடு ஒன்றுதான், அதை எழுத அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இவ்வளவு பெருமையாக அவள் தன் கல்யாணப் பதிவேட்டில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

மீதி இடங்களையும் விடாமல் பார்த்து, சைபர் எழுதி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். எண்பது கண்களும் அவள் மேல் இருந்தன.

"இப்ப கொஞ்ச முன்னால யாருக்காவது காலுல ஏதாவது தெரிஞ்சுதா? உண்மையச் சொல்லணும்."

"எனக்கு இல்ல," என்றாள் இசக்கி. "எனக்கு இல்ல," என்றார் அரியநாயகம். எனக்கு இல்ல, எனக்கு இல்ல என்று நடையின் கடைசிவரைக்கும் அது போனது.

"அவருக்குத் தெரிஞ்சுது," என்றாள் ஜெபக்கனி.

முப்பிடாதி தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தாள். அவை மரத்துப்போயிருந்தன. உதறிக்கொண்டே உள்ளே ஓடினாள். அரியநாயகம் காவலாளியைத் தேடிப் போய், பரீட்சையில் பாஸ் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் ஜெபக்கனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இசக்கியின் போன் வந்தது. முறை சுற்றிவந்து அன்றைக்கு மறுபடியும் முதல் வீடு.

"சிஸ்டர், விடிஞ்சதும் முப்பிடாதி மைனி அண்ணனுக்குக் காலு தொடச்சாங்க. வெரலு வந்துது, குதிகாலு வந்துது, வலது முட்டி வந்துது, எல்லாம் எனக்கு வந்துட்டு. இடது உள்முட்டி மட்டும் வரல." பேறுகாலம் முடிந்து குழந்தை பிறந்த செய்தியைச் சொல்கிற குரலில் சொன்னாள். "மூணு வாட்டி தொடைக்கச் சொல்லிப் பாத்துட்டேன். வரவே இல்ல. அது அவருகிட்டயே தங்கிட்டு. என் தாளுல எழுதிக்கிடுங்க, நான் வந்து கையெழுத்துப் போடுதேன்."

ஜெபக்கனி ஆஸ்பத்திரிக்குப் போனதும் முறைக்காரர்களின் கோப்பை எடுத்து, இசக்கியின் பேரில் புதுத் தாள் ஒன்றை வைத்தாள். தேதி போட்டாள், நேரம் போட்டாள். இடது கணுக்கால், உள்முட்டி என்று இருந்த கட்டத்தைத் தேடிப் பிடித்து, உருண்டையாக, அழகாக, ஆசை ஆசையாக ஒரு முட்டை போட்டாள்.